அவரவர் சாவி

ஜனவரி 9

அப்பாவுக்கு,

நலம். இந்தப் பௌத்த மடத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. காலையில் முற்றம் பெருக்குகிறேன். பிறகு சமையலறையில் காய் நறுக்குகிறேன். பிறகு உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறேன். மூன்றில் காய் நறுக்குவதுதான் எனக்கு ஒழுங்காக வருகிறது.

கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் கடிதம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் இங்கே மூன்று பெண்கள் முடி நீக்கித் துறவு ஏற்கிறார்கள். நானும் அவர்களோடு சேர விரும்புகிறேன். அதற்குத் தாயும் தகப்பனும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இருபத்தாறு வயதானாலும் தர வேண்டும். புத்தர் தன் மகனைக் கேட்காமல் கொள்ளாமல் துறவியாக்கிவிட்டபோது, புத்தருடைய தகப்பனார் மனம் உடைந்து போய் முறையிட்டாராம். அன்றிலிருந்து இந்த விதி.

அம்மா எழுதி அனுப்பிவிட்டாள். உங்கள் கையெழுத்துதான் வரவேண்டும்.

போன வருடம் நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன். அதில் கையெழுத்துப் போட உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கும் அவ்வளவுதான் ஆகும்.

மகள்


ஜனவரி 20

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அந்தப் பழக்கத்தில் உன் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஃபெயில்.

எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? என் ஃபோர்மேன் அறைக்கு ஏசி போட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி. முதல் நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாலு சுற்று சுற்றினேன். தலை கிறுகிறுத்து, அப்போது உள்ளே வந்த மேலாளருக்கு வணக்கம் சொல்வதற்குப் பதில் சுவருக்குச் சொன்னேன். இருபத்தேழு வருடம் லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு கிரீஸாகக் கிடந்தவனுக்கு இதெல்லாம் புதுசு. வியர்ப்பதே இல்லை. சட்டைக் காலர் வெள்ளையாகவே இருக்கிறது. உன் அம்மா, "துவைக்கிற வேலை மிச்சம், மூளையும் இப்படித்தான் அழுக்கே ஆகாம இருக்கு உங்களுக்கு" என்கிறாள்.

சம்மதம் கேட்டிருக்கிறாய். அந்தத் தாத்தா, அதுதான் புத்தருடைய அப்பா, அவரை எனக்குப் பிடித்துவிட்டது. உலகத்திலேயே எனக்கு ஆதரவாக இருக்கிற ஒரே மனிதர் அவர்தான் போலிருக்கிறது.

இரண்டு சந்தேகம் இருக்கிறது. எங்கள் கட்டடத்து வாசல் காவலாளி நிறையப் படிப்பவர். அவரைக் கேட்டால், "புத்தர் சாமி இல்லீங்க, மனுஷர்" என்கிறார். அப்படியானால் மேலே யார் இருக்கிறார்? உச்சி மாடி காலியாகக் கிடக்கிற கட்டடத்துக்கா என் மகள் குடிபோகிறாள்?

இரண்டாவது, அங்கே யார் தலைவர்? தலைமை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு லிஃப்ட், பத்து ஆள். அத்தனை பூட்டின் சாவியும் என் தலைக்கு மேலே ஒரே பலகையில் தொங்குகிறது. என்னைக் கேட்காமல் ஒரு லிஃப்ட் பெட்டி நகராது. உங்கள் இடத்தில் சாவி யார் கையில்?

இதற்குப் பதில் வரட்டும். கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அப்பா


பிப்ரவரி 2

அப்பாவுக்கு,

உச்சி மாடி காலி இல்லை. தேவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள் என்றுதான் இங்கே மூத்த துறவி, எங்கள் பெரிய பிக்குணி, சொல்கிறார். ஆனால் அவர்கள் குடியிருப்பவர்கள், கட்டடத்தின் சொந்தக்காரர்கள் இல்லை. செய்த நல்லது தீர்ந்ததும் இறங்கிவிட வேண்டியதுதான். இறங்கும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு ஐந்து அடையாளம் உண்டாம். சூடிய பூ வாடும், உடுப்பு அழுக்காகும், அக்குளில் வியர்க்கும், மேனி மங்கும், உட்கார்ந்த ஆசனம் கசக்கும்.

மேலே சுகம் மிகுதி, அதனால் யோசனை வராது. கீழே நரகத்தில் வலி மிகுதி, அதனால் யோசிக்க நேரம் இருக்காது. இரண்டும் கலந்து கிடைப்பது மனிதனுக்குத்தான். விழித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. புத்தர் மனிதராக இருந்துதான் விழித்தார். தேவர்கள் இறங்கி வந்து அவரிடம் பாடம் கேட்டார்கள்.

தலைவர் விஷயம். ஆதியில் அரசன் என்று யாரும் இல்லையாம். வயல் வரப்புச் சண்டை வந்த பிறகு மக்களே தங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, நீ நியாயம் சொல், உனக்கு விளைச்சலில் பங்கு தருகிறோம் என்றார்களாம். அவருக்குப் பெயரே எல்லாரும் ஒத்துக்கொண்டவர் என்பதுதான். வானத்திலிருந்து யாரும் அவரை இறக்கி வைக்கவில்லை.

சாவி யார் கையில் என்று கேட்டீர்கள். புத்தர் முதுமையில் நோயுற்றபோது, அடுத்து எங்களுக்கு யார் என்று சீடர்கள் தவித்தார்கள். இந்தக் கூட்டம் தன்னை நம்பித்தான் நிற்கிறது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லையாம். தெரிந்த எதையும் கைக்குள் மூடி வைத்துக்கொண்டதும் இல்லையாம். உங்களுக்கு நீங்களே துணை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இங்கே சாவி அவரவர் கையில்.

இதை நான் முதலில் கேட்டது உங்களிடம்தான், அப்பா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சொல்வீர்கள்: லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவான், அவன் வெளியே வந்து திறக்கிறவரை கடவுளே வந்தாலும் பெட்டி நகராது. ஃபோர்மேன் ஆனதும் அந்தச் சாவிகளை எல்லாம் வாங்கிப் பலகையில் மாட்டினீர்கள்.

போன வருடம் ஒரு நாள், எல்லாரும் ஒட்டடை என்று கூப்பிடும் உங்கள் மெக்கானிக் அண்ணன் ஏழாம் லிஃப்டின் பெட்டிக்கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். விருந்தினர் காத்திருக்கிறார்கள் என்று மேலாளரிடமிருந்து போன் வந்தது. அவர் வெளியே வந்திருப்பார் என்று நினைத்துப் பூட்டைத் திறந்தீர்கள். பெட்டி நகர்ந்து அவருடைய கணுக்கால் நொறுங்கியது. "பூட்டுப் போடாமல் இறங்கினார்" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் வழக்கம்போல நான்தான் அந்த அறிக்கையை எழுதினேன். சில மாதம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனபோது அவர் மனைவி சொல்லித்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அவரோ, "விடு, சார் பெரிய மனுஷன், அந்தப் பொண்ணுகிட்ட எதுக்கு இதெல்லாம்" என்று மனைவியை அடக்கினார். அவருக்கு வேலை போயிற்று. உண்மை தெரிந்த வாரமே நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

பத்து ஆள் என்று எழுதியிருந்தீர்கள். பதினொன்று, அப்பா.

மகள்


பிப்ரவரி 15

மகளுக்கு,

பெற்ற தகப்பனுக்குப் பாடம் எடுக்கத்தான் அங்கே போனாயா?

போன் அடித்தது மேலாளர். எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டியவன் நான். கூலிக்கு ஸ்பானர் பிடித்தவன் ஃபோர்மேன் ஆவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியுமா? உன்னைப் படிக்க வைத்தது அந்த நாற்காலி இல்லையா? ஒரு நிமிடத் தப்புக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டுமா?

தேவர்களுக்கு அக்குள் வியர்க்குமாம். இங்கே ஏசி இருக்கிறது. கை விட்டுப் பார்த்துவிட்டேன், காய்ந்துதான் இருக்கிறது. உங்கள் பெரிய பிக்குணியிடம் சொல்லிவிடு.

கையெழுத்துப் போட முடியாது.

அப்பா

கோபத்தில் எழுதினேன். அதற்காகக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை.


மார்ச் 4

அன்புள்ள அப்பா,

கையெழுத்து இனி வேண்டாம். நீங்கள் மறுத்ததால் சொல்லவில்லை. முழுதாகக் கேளுங்கள்.

எங்கள் பெரிய பிக்குணியிடம் அந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொன்னவர் நீங்கள், எழுதிய கை என்னுடையது. தெரியாமல் எழுதியதில் குற்றமில்லை. ஆனால் தெரிந்த பிறகு ஆறு மாதம் நான் செய்தது என்ன? உங்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டு காய் நறுக்கியதுதான். அவர் என்னை எதுவும் சொல்லவில்லை. "அந்தக் கால்காரருக்கு என்ன எழுதினாய்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கே ஒட்டடை அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அது நேராகும்வரை மே மாதத்துப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். யாரும் கேட்டு எடுக்கவில்லை, நானேதான் எடுக்கச் சொன்னேன்.

அவர் சொன்ன கதை ஒன்று. தேவர்களின் அரசனான தேவராஜன் ஒரு போரில் தோற்று, ரதத்தில் தப்பி ஓடிக்கொண்டிருந்தானாம். பின்னால் அசுரர் படை. எதிரே இலவமரக் காடு, மரமெல்லாம் பறவைக் கூடு. ரதம் புகுந்தால் குஞ்சுகள் நசுங்கிவிடும். சாரதியிடம், "திருப்பு. என் உயிர் போனாலும் சரி, கூடு கலையக் கூடாது" என்றானாம். ரதம் திரும்பியது. ஏதோ பெரும் படை துணைக்கு வந்துவிட்டது என்று நினைத்து அசுரர்கள் ஓடிவிட்டார்களாம்.

அசுரர்கள் ஓடியது எனக்கு முக்கியமில்லை. அவர்கள் ஓடுவார்கள் என்று தெரியாமலே திருப்பினானே, அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மாவுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 11

அம்மாடி,

ஒரு மாதமாக எழுதவில்லை. ரதத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பெரிய வண்டி, பழைய சாரதி, நேரமாகிவிட்டது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். குஷன் அதே குஷன்தான். ஆனால் உட்கார முடியவில்லை. ஆசனம் கசக்கும் என்று எழுதியிருந்தாயே, அது முதலில் வந்துவிட்டது.

முதலில் ஒட்டடை வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை! லிஃப்ட் மெக்கானிக், உடைந்த காலோடு ஒரு வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறான். நல்ல காலோடு ஏறிய எனக்கே நாக்குத் தள்ளியது. அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"அவருக்கு இன்னும் ஒரு கால்தான் பாக்கி. அதுக்கா வந்தீங்க?"

உள்ளேயிருந்து அவன், "ஏய், சும்மா இரு. வாங்க சார், உட்காருங்க."

"உட்கார மாட்டேன்டா. உட்கார்ந்தா பேச்சு மாறிடும். அன்னைக்குப் பூட்டைத் திறந்தது நான்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"ஒரு வருஷமாவா?"

"நீங்க படி ஏறுறது மெதுவாத்தானே சார்."

அவன் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உன் கடிதத்தைச் சாமான் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், பார்த்தேன்.

மறுநாள் புது அறிக்கை எழுதினேன். இந்த முறை எழுதிக் கொடுக்க நீ இல்லை. என் கையாலேயே இரண்டு பக்கம். மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் தாளை நேராகப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தார்.

"என்னய்யா இது?"

"உண்மை சார்."

"ஒரு எழுத்தும் புரியலையே. ஃபைல் மூடி ஒரு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு இதைக் கிளறுறீங்க?"

புரியவில்லை என்று எழுந்து வந்திருக்கலாம். சட்டப்படி கொடுத்தாயிற்று, அவர் படிக்காதது என் குற்றமா என்று வீட்டுக்கு வந்து தூங்கியிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "குடுங்க சார், நானே படிக்கிறேன்."

நம் ஆட்கள் பத்துப் பேரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று ஓடினவன் நான். அன்று இரண்டு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்தேன். என் எழுத்து எனக்கே ஓரிரு இடத்தில் புரியவில்லை. அங்கே மட்டும் நிறுத்தி, "சாவி என் பலகையில் இருந்தது, திறந்தவன் நான்" என்று மறுபடி சொன்னேன். அந்த ஏசியில், அம்மாடி, இரண்டு அக்குளும் ஊற்றெடுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காலர் கறுத்துவிட்டது. பூ ஒன்றுதான் சூடவில்லை, சூடியிருந்தால் வாடியிருக்கும். தேவலோகம் முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஃபோர்மேன் பதவி போயிற்று. மீதி மூன்று வருடம் மறுபடி ஸ்பானர்தான். ஒட்டடைக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேலாளருக்கு என்மேல் கடுப்பு. "இனி யாரைத்தான் ஃபோர்மேன் போடறது? நீங்களே ஒருத்தனைச் சொல்லித் தொலைங்கய்யா" என்றார். பத்துக் கையும் ஒட்டடைக்குத் தூக்கின. பதினோராவது கை என்னுடையது. நனைந்த கைதான், ஆனாலும் அதுதான் உயரமாக நின்றது. எல்லாரும் ஒத்துக்கொண்டவர் என்று எழுதியிருந்தாயே, அவரை நான் நேரில் பார்த்துவிட்டேன். குச்சி ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

அவன் செய்த முதல் வேலை, ஸ்க்ரூ டிரைவர் எடுத்து என் பலகையைக் கழற்றியது. சாவிகளை அவரவர் கையில் கொடுத்தான். கடைசியில் என்னிடம் வந்தான்.

"சார், ஏழாம் லிஃப்டுக்கு நீங்க போங்க."

"சார்னு சொல்லி வேலை ஏவாதடா, எனக்கே கூச்சமா இருக்கு."

"சரி அண்ணே. ஏழாம் லிஃப்ட். சாவியைப் பையில போட்டு பட்டன் போட்டுக்கங்க."

பூட்டினேன். பெட்டிக்கூரை மேல் ஏறினேன். அதே இருட்டு, அதே கிரீஸ் நாற்றம், தலைக்கு மேலே வடங்கள். அவன் நின்ற அதே இடத்தில் நின்றேன். சாவி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஃபோர்மேன் ஆன அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை இதன் கால் தூசிக்குக் காணாது. இந்தப் பெருமையை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ முதலில் உன் பங்கை ஏற்றுக்கொண்டாய், பார். அதுதான் என்னைக் காலைப் பிடித்து இழுத்தது. என் மகள் எனக்கு முன்னால் நடந்துவிட்டாள் என்று ஒரு நாள் வெட்கம். மறுநாளிலிருந்து அதுவே தலைக்கனம்.

சம்மதக் கடிதம் இதில் வைக்கவில்லை. நீ கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டாய். கேட்காததைக் கொடுத்தால் விரட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அப்பா


ஏப்ரல் 22

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடம் எனக்கும் புரியவில்லை. அங்கே நிறுத்தி, "இவர் என் அப்பா" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். பெரிய பிக்குணி அக்குள் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் பலகை கழன்ற இடத்தில்தான் நிறுத்தினார்.

அந்த ஐந்து அடையாளத்தில் நான் உங்களுக்கு எழுதாமல் விட்ட மிச்சக் கதை ஒன்று உண்டு. கோபத்தில் விட்டுவிட்டேன். ஒரு தேவனுக்கு அடையாளம் கண்டுவிட்டால் மற்றத் தேவர்கள் அழ மாட்டார்களாம். சுற்றி நின்று, நல்ல இடத்துக்குப் போய்ச் சேர் என்று வாழ்த்துவார்களாம். தேவலோகத்தைவிட நல்ல இடம் எது என்று ஒருவர் புத்தரைக் கேட்டார். மனிதர்கள் இருக்கும் இடம்தான் என்றாராம்.

நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள், அப்பா.

ஒட்டடை அண்ணன் பதில் போட்டிருந்தார். ஒரே வரி: "கால் ஆறிடுச்சு பாப்பா, நீ உன் வேலையைப் பாரு." பட்டியலில் என் பெயரை மறுபடி எழுதிவிட்டார்கள். அதனால் ஜனவரியில் கேட்டதை மறுபடி கேட்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு நான் பெரியவர்கள் காலில் விழக் கூடாது. பெற்றவர்களே ஆனாலும், வணங்க வேண்டியவர்கள் நீங்கள். தேவராஜனே இறங்கி வந்து துறவிகளைக் கும்பிடுவானாம். இதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்


மே 1

அம்மாடி,

சம்மதக் கடிதம் தனித் தாளில், என் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் இருக்கிறது. முழுதாக ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு நிமிடத்தில் போடுகிற கையெழுத்தை நான் விட்டுவிட்டேன். பெரிய பிக்குணிக்குப் புரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், நேரில் வந்து வாசித்துக் காட்டுகிறேன். இப்போது அதில் எனக்கு நல்ல பழக்கம்.

புத்தருடைய அப்பாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "பெரியவரே, நீங்கள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த உரிமையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வைத்துத்தான் சரி என்று சொல்கிறேன்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

வணங்குகிற விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. "அவ பொறந்ததுல இருந்து குனிஞ்சுதான் குளிப்பாட்டினேன், குனிஞ்சுதான் ஊட்டினேன். இப்ப என்ன புதுசா?" என்றாள். பிறகு, "உங்களுக்குத்தான் பழக்கம் இல்ல. போய்ப் பழகுங்க" என்றாள்.

அதனால் சாப்பாட்டு நேரத்தில், மோட்டார் அறையில், யாரும் இல்லை என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். இடுப்பில் இரண்டு இடத்தில் சத்தம். மூன்றாவது முறை நெற்றி தரையைத் தொட்டது. தொட்ட அதே நேரம் சட்டைப்பையிலிருந்து சாவி டங்கென்று விழுந்து, சறுக்கி, வாசலில் நின்றவன் குச்சியருகே போய் நின்றது. ஒட்டடை எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை.

"என்ன அண்ணே, எதையாவது தேடுறீங்களா?"

"இல்லடா, ஒத்திகை. என் பொண்ணு காலில விழணும்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். உடைந்த காலை நீட்டிக்கொண்டு மெதுவாகக் குனிந்து, சாவியை எடுத்துக் கொடுத்தான். "எங்க எல்லார் சார்பாவும் ஒரு தடவை சேர்த்து விழுந்துட்டு வாங்க" என்றான். பிறகு ஃபோர்மேன் குரலில், "பட்டன் போட்டுக்கங்கன்னு சொன்னேன்ல?" என்றான்.

அம்மாவும் நானும் மே பன்னிரண்டு காலை வந்துவிடுவோம். எனக்கு முன்வரிசையில் இடம் வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடமெல்லாம் அது என் மகள் என்று சொல்வேன், யாரும் தடுக்கக் கூடாது.

பட்டன் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அப்பா